துபாஷியின் 'நான்'

1958 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் கோர்ட் கூடுவதற்கு வெகு முன்பே போய்விட்டேன். தட்டச்சு இயந்திரத்தின் மேலுறையை மடித்து இழுப்பறைக்குள் வைத்தேன். பழைய பல் பிரஷால் எழுத்துகளைத் துடைத்தேன். வட்டமான எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்துக்கொள்ளும். அதை ஊசியால் குத்தி எடுத்தேன். மங்கிப்போன கார்பன் தாள்களைத் தனியே ஒதுக்கினேன். வெளியே லேசான தூறல். துபாஷி வந்து, குடையைச் சுவரோரம் விரித்து வைத்துவிட்டு, என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காபி ஆச்சா?" என்றேன்.

"ஆச்சு."

இதுவும் வழக்கம்தான். பெங்களூரின் அந்தக் கோர்ட்டில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்ததிலிருந்து அன்றுவரை காலையில் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவே. அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், டவாலி, தேநீர்க் கடைக்காரர் எல்லாரும் துபாஷி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். இன்று நான் அவருடைய அன்றைய வயதை எட்டிவிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவருக்குப்போலவே என் நாக்கும் கனக்கிறது. அதனால்தானோ என்னவோ அவர் நினைவுக்கு வருகிறார்.

ஆச்சு என்பது தமிழர் எல்லாரும் சொல்வதுதான். அவர் அதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை என்பதைத்தான் நான் மெதுவாகக் கவனித்தேன். சாப்பிட்டாச்சு, பாத்தாச்சு, போயிட்டு வந்தாச்சு. சாப்பிட்டேன், பார்த்தேன், போனேன் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. விடுமுறை வேண்டுமானால், "நாளைக்கு வர முடியாது போலிருக்கு." காய்ச்சல் என்றால், "ஜுரம் அடிக்குது." தம்மைச் சுட்டியே ஆகவேண்டும் என்ற இடத்தில் கோட்டுப் பொத்தானைத் தொட்டு, "இங்கே" என்பார்.

ஆனால் அந்தக் கட்டடத்திலேயே 'நான்' என்ற சொல்லை அதிகமாகச் சொன்னவரும் அவர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளன்று வழி தெரியாமல் பக்கத்துக் கோர்ட்டுக்குள் நுழைந்துவிட்டேன். கழுத்துவரை மூடிய கறுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான ஒருவர், மாஜிஸ்திரேட்டைப் பார்த்துக் கன்னடத்தில் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் உலக்கையால் அடித்தேன். தலையில்தான் அடித்தேன். கையில் கிடைத்தால் இன்னொரு முறையும் அடிப்பேன்." பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சுவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். இவரை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று நான் திகைத்து நின்றேன். பிறகுதான் பின்னால் கூண்டில் நின்ற ஆள் தமிழில் உறுமுவதும், அந்த உறுமல் இந்த மனிதரின் வாயில் அடங்கிய குரலாக வெளிவருவதும் புரிந்தது.

சாட்சி நான் என்றால் அதை மொழிபெயர்க்கும் துபாஷியும் நான் என்றுதான் சொல்லவேண்டும். 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று தூரத்தில் நின்று சொல்லக்கூடாது. அது வேலையின் விதி. அந்த விதியை அவர் அளவுக்கு யாரும் கடைப்பிடித்ததில்லை. ஒரு ஜீவனாம்ச வழக்கில் ஒரு பெண் தன் கணவனைத் தக்னி உருதுவில் பொரிந்து தள்ளினாள். இவர் முன்சீப்பின் முகத்தைப் பார்த்தபடியே கன்னடத்தில், "உன் முகத்தில் விழித்த நாளிலிருந்து எனக்கு ஒருநாளும் நிம்மதி இல்லை" என்றார். முன்சீப் மலைநாட்டுக் கன்னடக்காரர், சாது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது நனகா, அவரிகா?" என்று கேட்டார். எனக்கா, அவருக்கா என்று. "அவரிகே, ஸ்வாமி" என்று துபாஷி முகம் மாறாமல் சொன்னார். கோர்ட் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கோபம் இன்னும் அவர் வாயில் இருந்தது.

ஒரு சாட்சி இறங்கி அடுத்த சாட்சி ஏறும் இடைவெளியில் அவர் ஜன்னலோரம் போய் வாய் கொப்பளிப்பார். டவாலி பித்தளைத் தம்ளரில் தண்ணீர் வைத்திருப்பான். வக்கீல்கள் கேலி செய்வார்கள்.

"ஏன் துபாஷியவரே, பொய் கசக்குதா?"

"நெஜமும் ஒட்டிக்கிதுங்க. அடுத்த ஆள் வரணும் இல்ல, எடம் காலி பண்ண வேணாமா?" என்பார்.

அப்பா வேலூர்ப் பக்கத்துத் தமிழர். அம்மா தெலுங்கு. பள்ளிக்கூடம் கன்னடம். வளர்ந்த தெரு பட்டாளத்துத் தண்டுப் பகுதியில், அங்கே விளையாட்டும் சண்டையும் தக்னியில். பிழைப்புக்காக இங்கிலீஷ். இதில் உங்களுடைய பாஷை எது என்று ஒருநாள் கேட்டேன். "எதிர்ல யார் இருக்காங்களோ அவங்களது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருமுறை வழக்குக் கட்டுகளை எனக்காக எண்ணிக்கொண்டிருந்தார். பதினஞ்சு, பதினாறு என்று வந்தபோது கன்னடக்காரனான டவாலி பக்கத்தில் வந்து நின்றான். "ஹதினேளு, ஹதினெண்டு" என்று அப்படியே தொடர்ந்தார். எண்ணிக்கை தவறவில்லை. மாறியதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நவராத்திரிக்கு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். துபாஷி குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சக்கரை போதுங்களா, தம்பி?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"போதும்மா, நல்லா இருக்கு."

"நீங்களாவது சொன்னீங்களே. இவருக்கு அதிகமா கம்மியான்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குத் தெரியாது. வெறும் கஷாயத்தக் குடுத்தாலும் ஆச்சும்பாரு. ஊர்ல இருக்கறவன் பேச்செல்லாம் அங்கயே பேசித் தீத்துட்டு, வீட்டுக்கு வெறும் ஆள்தான் வருது."

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார் துபாஷி.

"பாத்தீங்களா, இதுவும் யாருக்கோ பதில் சொல்ற மாதிரிதான் இருக்கு."

அவர் புன்னகைத்தார்.

என் தட்டச்சு இயந்திரத்தின் மேல் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. சாட்சி இல்லாத நேரங்களில் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். வேகமாக அடிக்கும்போது அடுத்தடுத்த இரண்டு எழுத்துக் கம்பிகள் ஒரே நேரத்தில் எழுந்து, நாடாவுக்கு முன்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விரலால் பிரித்துவிட்டால்தான் அடுத்த எழுத்து விழும். எனக்கு அது எரிச்சல். அவர் அதை ரசிப்பார்.

"உங்க மிஷின் தேவலை, சார். சிக்கினா நின்னுடுது."

"நின்னா வேலை கெடுதே."

"அதான் நல்லது." தொண்டையைத் தொட்டார். "இங்கே சிக்கினா நிக்காது. ரெண்டுல ஒண்ணு போய் விழுந்துடும். பாக்கறதுக்கு சரியா அடிச்ச மாதிரியே இருக்கும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்தது.

அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. டவாலி தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனான். காலையில் ஒரே வழக்கில் கன்னடம், தெலுங்கு, தக்னி என்று மாறி மாறிச் சாட்சிகள். கொப்பளிக்க வழியில்லாமல் துபாஷி எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார். கடைசியாக வந்தவர் கன்னடக்காரரான ஒரு கிழவர், நீளமாகப் பேசினார். அவர் இறங்கிய கையோடு அடுத்த வழக்கின் பிரதிவாதியைக் கூப்பிட்டார்கள்.

ஒக்கலிபுரத்தில் இருக்கும் ஒரு விதவை அம்மாள். ஆம்பூர்ப் பக்கம் பிறந்து, ரயில்வேயில் கலாசியாக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் விட்டுப்போனது ஓர் ஓட்டு வீடும், அதன் பின்னால் ஒரு காலி இடமும். புருஷனுடைய தம்பிதான் வாதி. கருமாதியன்று உறவினர் முன்னிலையில் அண்ணி தன் வாயாலேயே வீட்டைத் தனக்குத் தருவதாக ஒப்புக்கொண்டாள், இப்போது காலி செய்ய மறுக்கிறாள் என்பது அவன் வழக்கு. அவளுக்குத் தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. அவளுடைய வக்கீல் தார்வாடிலிருந்து வந்த இளைஞர், அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவே இருந்தவர் துபாஷி ஒருவர்தான்.

"கருமாதி அன்னைக்குக் கொழுந்தனாருக்கு என்ன தரேன்னு சொன்னீங்க?" என்று அவர் கேட்டார்.

"மனையக் குடுத்துடறேன்னு சொன்னேன்" என்றாள் அவள்.

துபாஷி முன்சீப்பைப் பார்த்து, "மனெ கொட்டுபிட்தீனி அந்த ஹேளிதே" என்றார்.

தமிழ்ப் பேச்சில் மனை என்றால் கட்டடம் இல்லாத வெறும் இடம். கன்னடத்தில் மனெ என்றால் வீடு. பெங்களூரில் பழகியவளாக இருந்தால் சைட்டு என்று சொல்லியிருப்பாள், ஒரு குழப்பமும் வந்திருக்காது. அவள் ஊர்ப் பேச்சில் மனை என்றாள். இரண்டு சொற்களும் ஒன்றாக எழுந்தன. முன்சீப் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: வீட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். கம்பி சிக்கவில்லை. எழுத்துகள் சுத்தமாக விழுந்தன. கொழுந்தன் இந்த ஊரிலேயே கன்னடம் படித்து வளர்ந்தவன். அவன் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டான்.

இடைவேளையில் வெளியே வராந்தாவில் வக்கீலின் குமாஸ்தா அவளிடம் கன்னடம் கலந்த அரைகுறைத் தமிழில், "என்னம்மா, உன் பாயாலயே வீட்டைக் குடுத்துபிட்டே" என்றான்.

"நான் எங்கய்யா வூட்டக் குடுத்தேன்?"

"அங்கே சொன்னியே, மனென்னு. ஜட்ஜு பரசிட்டாரு, எழுதிட்டாரு."

"மனையத்தானேய்யா சொன்னேன். வூட்டக் குடுத்துட்டு நானும் என் பொண்ணும் எங்க போவோம்?"

கொஞ்சம் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் துபாஷி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவருக்கு எதிரே இருந்தேன். அவர் கை சோற்றில் அப்படியே இருந்தது. மனை, மனெ என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு டப்பாவை மூடினார்.

"என்னாச்சு?" என்றேன்.

"சிக்கிடுச்சு" என்றார்.

உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாதியின் வக்கீல் கெட்டிக்காரர். இன்று ஒரு சொல் தவறு என்றால், இத்தனை வருஷமாக இந்த வாய் சொன்ன மற்றவை எல்லாம் சரியா என்று கேட்பார். அடித்தேன், வாங்கினேன், கைநாட்டு வைத்தேன் என்று இவர் சொன்னதை நம்பி எத்தனையோ தீர்ப்புகள் எழுதியாகிவிட்டது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒக்கலிபுரத்தில் ஒரு வீடு மட்டும் கைமாறும்.

பிற்பகலில் அவளை மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். வாதியின் வக்கீல் எழுந்து கன்னடத்தில், "காலையில் சொன்னதையே இப்போதும் சொல்கிறாயா என்று கேளுங்கள்" என்றார். துபாஷி கேட்டார்.

"ஆமாய்யா. மனையத்தான் குடுத்தேன். எங்க வேணா சொல்லுவேன்."

துபாஷி வாயைத் திறக்கவில்லை. முன்சீப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் துபாஷியவரே?"

"நானு தப்பு ஹேளிதே, ஸ்வாமி."

நான் தவறாகச் சொன்னேன். முன்சீப் தலையசைத்தார். அந்த வாக்கியத்தையும் இங்கிலீஷில் சொன்னார், நானும் அடித்தேன். அந்தக் குரலில் அந்தச் சொல் வந்தால் அது கூண்டில் நிற்பவருடையது என்பது எங்கள் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. காலையில் வீட்டைக் கொடுத்தவள், இப்போது பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டாள். வாதியின் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

"அவரல்ல, ஸ்வாமி" என்றார் துபாஷி. அவளில்லை. "நானு."

"யாவ நானு?"

எந்த நான் என்று முன்சீப் நிஜமாகவே கேட்டார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். துபாஷி கோட்டுப் பொத்தானைத் தொட்டார். வழக்கம்போல் 'இங்கே' என்று சொல்லப்போகிறார் என நினைத்தேன். சொல்லவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "துபாஷி, ஸ்வாமி. துபாஷி நானு" என்றார்.

மனைக்கும் மனெக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொன்னதும் வாதியின் வக்கீல் எழுந்துவிட்டார். இடைவேளையில் சாட்சியோடு பேசிவிட்டு வந்து மாற்றுகிறார் என்றார். இந்த மனிதர் இதுவரை மொழிபெயர்த்த வழக்குகளின் கதி என்ன என்றும், எதிர்பார்த்தபடியே, கேட்டார். முன்சீப் கையமர்த்தினார். துபாஷியே கூண்டேறிப் பிரமாணம் எடுத்துச் சொல்லட்டும், எழுதிக்கொள்கிறேன் என்றார். அந்த அம்மாளை இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இத்தனை வருஷமாகக் கூண்டுக்கு வெளியே நின்றவர் உள்ளே ஏறினார்.

சாட்சிகளிடம் வழக்கமாகக் கேட்பதையே முன்சீப் கேட்டார். "யாவ பாஷெயல்லி ஹேள்தீரி?" எந்த மொழியில் சொல்கிறீர்கள்?

கன்னடம் என்றால் வேலை சுலபம். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். அவர் பார்வை முன்சீப்பிடமிருந்து என் இயந்திரத்துக்கு வந்து, அங்கிருந்து பெஞ்சுக்குப் போனது.

"அவரிகெ அர்த்த ஆகபேக்கு, ஸ்வாமி" என்றார். அவளுக்குப் புரியவேண்டும். பிறகு தமிழில், அவளைப் பார்த்து:

"அம்மா, நீங்க மனைன்னுதான் சொன்னீங்க. நான் அதை வீடுன்னு சொல்லிட்டேன். தப்பு உங்களது இல்ல. நான் பண்ணது. சோறு திங்கறப்போ நீங்க பேசினது காதுல விழுந்தது. நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல."

நிறுத்தினார். முன்சீப் காத்திருந்தார், நானும் விரல்களை வைத்தபடி காத்திருந்தேன். மொழிபெயர்க்க அங்கே வேறு யாரும் இல்லை. துபாஷி முன்சீப் பக்கம் திரும்பி, தாம் சொன்னதையே சொல் பிசகாமல் கன்னடத்தில் சொன்னார். அதே அடங்கிய குரல். வேறு யாருடைய சாட்சியையோ சொல்வதுபோலத்தான் இருந்தது.

பெஞ்சிலிருந்து அந்த அம்மாள், "இத்தக் காலையிலயே சொல்லியிருந்தா மத்தியானம் ரெண்டு வாய் சோறு எறங்கியிருக்குமேய்யா" என்றாள்.

அதையும் அவர் மொழிபெயர்த்தார். முன்சீப் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவளை மறுபடியும் ஏற்றி, மனை என்றால் என்ன என்று கேட்கச் சொன்னார்.

"வெறும் எடம்யா. வூட்டுக்குப் பின்னால, முருங்கமரம் நிக்குதே, அது. அத்த எடுத்துக்கன்னுதான் சொன்னேன். இவருக்கும் தெரியுமே." கொழுந்தனைக் கைகாட்டினாள். "நாங்க வூட்டுல பேசறது தமிழ்தானே."

முன்சீப் அவனைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை. நான் காலையில் அடித்த வரியையும் பிற்பகலில் அடித்த வரியையும் முன்சீப் பேனாவால் கோடிட்டு நீக்கிவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். பின்னால் தீர்ப்பு வந்தபோது வீடு அவளுக்கே நின்றது.

மற்ற வழக்குகளைப் பற்றி வக்கீல் கேட்டதற்கு முன்சீப் அன்று பதில் சொல்லவில்லை. கோர்ட் கலைந்ததும் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தேதார், எழுத்தில் விளக்கம் தரும்படி துபாஷியிடம் ஒரு தாளை நீட்டினார். அடுத்த மாதம் அவரைப் பிரதி எடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பேச வேண்டியதில்லை. கொஞ்ச காலம் நகலெழுதிவிட்டு ஓய்வுபெற்றார்.

அன்று சாயங்காலம் டவாலி எங்கிருந்தோ தண்ணீர் பிடித்துவந்து தம்ளரை ஜன்னலில் வைத்தான். துபாஷி அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. "வேண்டாமா?" என்றேன். கையை மட்டும் ஆட்டினார். குடையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் நடையில், நாள் முழுவதும் மூட்டை சுமந்தவரின் சோர்வு இருந்தது. நான் மேலுறையை எடுத்து இயந்திரத்தை மூடினேன்.

மறுநாள் புதன்கிழமை. மேலுறையை மடித்து வைத்துவிட்டு எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துபாஷி வந்தார். மழை இல்லை. குடையை மூலையில் சாய்த்துவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காபி ஆச்சா?" என்றேன்.

"குடிச்சேன்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "சக்கரை போதல."